சைனஸ் ஸ்கேனில் ‘எலும்பு தடித்துள்ளது’ என்று எழுதியிருக்கிறார்கள்: இதற்கு என்ன பொருள்?

கேள்வி: மஞ்சள்முகில்

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்காக இதை எழுதுகிறேன். அவருக்கு வயது 47. கல்யாணச் சமையல் வேலை செய்கிறார். பதினொரு ஆண்டுகளாக மூக்கடைப்பும், மூக்கின் பின்புறமாகத் தொண்டையில் இறங்கும் கெட்டிச் சளியும், முகம் கனப்பதும் இருந்து வருகின்றன. இரண்டு துவாரங்களிலும் சதை வளர்ந்திருப்பதாகச் சொல்லி 2018-இல் எண்டோஸ்கோப்பி மூலம் அறுவை செய்தார்கள். ஒன்றரை ஆண்டு நன்றாக இருந்தார். அதன் பிறகு சதை மீண்டும் வளர்ந்துவிட்டது. ஆஸ்துமாவும் லேசாக உண்டு.

இப்போது வாசனை அறவே தெரிவதில்லை. சென்ற மாதம் ஒரு மண்டபத்தில் நானூறு பேருக்கான சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது, வெந்தயமும் மிளகாயும் கருகிப் புகை எழும்பும் வரை அவருக்குத் தெரியவில்லை. உதவிக்கு நின்ற பையன்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தான். வாணலியைத் திறக்காமலே வாசனையை வைத்துப் பதம் சொன்னவர் அன்றிரவு சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சம்மதித்தார்.

ஸ்கேன் அறிக்கையில் இரு பக்கமும் கண்களுக்கு நடுவில் உள்ள அறைகளும் கன்ன அறைகளும் நிறைந்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால், ‘சைனஸ் சுவர்களின் எலும்பு பல இடங்களில் தடித்து இறுகியுள்ளது, வலது கண்குழியை ஒட்டிய சுவர் மெலிந்து வெளிப்புறமாகத் தள்ளப்பட்டுள்ளது’ என்றும் இருக்கிறது. ஒரே அறிக்கையில் ஓரிடத்தில் எலும்பு தடித்தும் மற்றோரிடத்தில் மெலிந்தும் இருப்பது எப்படி என்று எங்களுக்கு விளங்கவில்லை. இது புற்றுநோயாக இருக்குமோ என்ற பயம் ஒரு பக்கம். எலும்பு வரை சீழ் இறங்கிவிட்டதா, எலும்பையே வெட்டி எடுக்க வேண்டியிருக்குமா என்ற கவலை மறுபக்கம். மருத்துவரைப் பார்க்க இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிந்துகொண்டு போவோம்.

மறுமொழி: கருவிளை

வணக்கம் அம்மா. நான் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். உங்கள் கணவரின் மூக்கையும் படங்களையும் நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்வது முறையன்று. ஆனால் அந்த அறிக்கையின் சொற்களுக்குப் பொருள் சொல்ல முடியும். அவற்றைப் பொருள் புரியாமல் ஒன்பது நாட்கள் சுமப்பது கடினம் என்பதும் எனக்குத் தெரியும்.

சைனஸ் அறையின் உட்சவ்வு எலும்போடு நேரடியாக ஒட்டியிருக்கிறது. சுவரில் பூசிய சுண்ணாம்பைப் போல அது படிந்திருக்கிறது. இடையில் கொழுப்போ தசையோ கிடையாது. சவ்வின் அடிப்படலமே எலும்பின் மேலுறையாகவும் இருக்கிறது. ஆகவே சவ்வில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடித்தால் அதன் கீழுள்ள எலும்பு சும்மா இருப்பதில்லை. அழற்சிச் செல்கள் வெளியிடும் வேதிப்பொருள்கள் எலும்பை ஆக்கும் செல்களையும் அரிக்கும் செல்களையும் ஒருங்கே தூண்டுகின்றன. பழைய எலும்பு அரிக்கப்பட்டு, அதன் இடத்திலும் மேலும் புது எலும்பு படிகிறது. அந்தப் புது எலும்பு சீரான அடுக்குகளாக அமையாமல், அவசரத்தில் முடைந்த ஓலைத் தட்டியைப் போல ஒழுங்கற்ற இழைகளாக அமைகிறது. மேலுறையும் தடித்து நார்த்தன்மை அடைகிறது. இதைத்தான் ஸ்கேன் படிப்பவர் ‘தடித்து இறுகியுள்ளது’ என்று எழுதுகிறார். மருத்துவ நூல்களில் இதற்கு ஆஸ்டைட்டிஸ், அதாவது எலும்பழற்சி, என்று பெயர்.

இது எலும்பில் சீழ் பிடிப்பதிலிருந்து வேறுபட்டது. கை கால் எலும்புகளில் வரும் சீழ்நோய் மஜ்ஜைக்குள் பரவுவது. கண்களுக்கு நடுவில் உள்ள சல்லடை எலும்பின் மெல்லிய தகடுகளிலோ மஜ்ஜையே இல்லை. நாட்பட்ட சைனஸ் நோயில் தடித்த எலும்பை எடுத்து ஆராய்ந்தவர்கள் அழற்சியையும் வேகமான எலும்பு மாற்றத்தையும் கண்டார்கள். எலும்புக்குள் கிருமிகள் குடியிருப்பதை உறுதியாகக் காட்ட முடியவில்லை. நெற்றி எலும்பு இதற்கு விலக்கு. அதில் மஜ்ஜை உண்டு; அங்கே சீழ் பரவினால் நெற்றியில் மெத்தென்ற வீக்கமும் காய்ச்சலும் கடும் தலைவலியும் வரும். அது உடனடியாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

மூக்குச் சதைக்கும் எலும்புக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் புதிதன்று. 1885-இலேயே லண்டனில் எட்வர்ட் வோக்ஸ் என்ற மருத்துவர், சல்லடை எலும்பு நோயுற்று அழிவதால்தான் மூக்கில் சதை வளர்கிறது என்று வாதிட்டார். அவர் சொன்ன வரிசை தலைகீழானது என்று பின்னர் தெரிந்தது; நோய் சவ்வில் தொடங்குகிறது, எலும்பு அதற்கு எதிர்வினை செய்கிறது. ஆனால் எலும்பைக் கவனிக்க வேண்டும் என்று அவர் சொன்னது வீண்போகவில்லை. 1998-இல் அமெரிக்காவில் டேவிட் கென்னடியும் அவருடைய குழுவினரும் நாட்பட்ட நோயாளிகளின் சல்லடை எலும்பில் ஆக்கமும் அரிப்பும் இயல்பைவிட வேகமாக நடப்பதை அளந்து காட்டினார்கள். முயல்களில் நடந்த ஆய்வுகள் மற்றொன்றையும் காட்டின: ஒரு பக்கச் சைனசில் மட்டும் கிருமியைச் செலுத்தியபோது மறுபக்க எலும்பிலும் மாற்றம் தெரிந்தது. எலும்பினுள் ஓடும் நுண்குழாய்கள் வழியே அழற்சி பரவக்கூடும் என்று அதிலிருந்து கருதப்படுகிறது.

எனவே தடித்த எலும்பை, இந்த அழற்சி எத்தனை காலமாக, எவ்வளவு கடுமையாக இருந்துவருகிறது என்பதற்கான சாட்சியாகவே நான் பார்க்கிறேன். சதை வளர்ந்தவர்களிலும், இயோசினோஃபில் என்ற வெள்ளணு திசுவில் அதிகமாக உள்ளவர்களிலும், முன்பே அறுவை செய்துகொண்டவர்களிலும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அதே வேளையில், நோயாளி படும் துன்பத்தின் அளவும் எலும்பின் தடிப்பும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. எலும்பு மிகவும் தடித்தவர் சிரமமின்றி இருப்பதையும், எலும்பு இயல்பாக இருப்பவர் தவிப்பதையும் வாரந்தோறும் பார்க்கிறேன். ஆகவே ‘எலும்பு வரை போய்விட்டது’ என்ற சொற்றொடரைக் கேட்டு அஞ்ச வேண்டாம்.

ஆனாலும் அதைப் புறக்கணிக்கவும் கூடாது. சளி வடியும் வாய் குறுகிய இடத்தில் எலும்பு தடித்தால் வழி அடைபடும். நெற்றி அறையின் வடிகாலில் இது பெரிய தொல்லை. தடித்த எலும்பின் மேலுள்ள சவ்வு எளிதில் ஆறுவதில்லை. மறு அறுவைகளிலும் நோய் மீண்டும் வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது. அறுவை தேவைப்பட்டால், வடிகாலை மறைக்கும் எலும்பை மட்டும் சிறு டிரில்லால் தேய்த்து அகற்றி வழியை அகலமாக்குவார்கள். எலும்பு முழுவதையும் வெட்டி எடுப்பதில்லை. சவ்வை முடிந்தவரை விட்டுவைப்பதுதான் திறமை; ஏனெனில் சவ்வு உரிந்து எலும்பு திறந்து கிடந்தால் அங்கேயே மேலும் எலும்பு வளரும்.

மெலிந்த சுவரைப் பற்றி: கண்ணுக்கும் சைனசுக்கும் இடையிலுள்ள சுவரின் லத்தீன் பெயருக்கே ‘காகிதத் தகடு’ என்றுதான் பொருள். சதையும் கெட்டிச் சளியும் நெடுநாள் அழுத்தினால் அது மெலிந்து வளையும். அழற்சியால் தடிப்பதும் அழுத்தத்தால் மெலிவதும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் நிகழ்வது வழக்கமானதே. இங்கே நான் இரண்டு விவரங்கள் கேட்க விரும்புகிறேன். அறிக்கையில் ‘அதிக அடர்த்தியுள்ள திட்டுகள்’ என்று எங்காவது எழுதியிருக்கிறதா? வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ சாப்பிட்டால் அவருக்கு இழுப்பு வருகிறதா? ஆஸ்துமாவும் மூக்குச் சதையும் உள்ளவர்களில் சிலருக்கு அந்த ஒவ்வாமை மூன்றாவதாகச் சேர்ந்துகொள்ளும். அவர்களுக்குச் சதை மிக விரைவில் மீண்டும் வளரும்.

கண் வீக்கம், பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிதல், கழுத்து விறைப்புடன் காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் ஒன்பது நாட்கள் காத்திருக்க வேண்டாம். அன்றே செல்லுங்கள்.

மறுமொழி: தாமிரபரணிக்கரை

அம்மா, மருத்துவர் சவ்வைப் பற்றி எழுதிய வரியைப் படித்ததும் என் கதையைச் சொல்லத் தோன்றியது. எனக்கு இப்போது 66 வயது. 1991-இல் எனக்குப் பீனிசம் முற்றிவிட்டதென்று மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே கீறி, கன்ன எலும்பில் துளையிட்டு உள்ளேயிருந்த சவ்வை முழுவதும் சுரண்டி எடுத்தார்கள். அக்காலத்தில் பரவலாகச் செய்த அறுவை அது. ‘கெட்டதையெல்லாம் வழித்தெடுத்துவிட்டோம்’ என்று சொன்னபோது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. மூன்று மாதங்கள் மேல்வரிசைப் பல்லும் கன்னமும் மரத்துக் கிடந்தன. சளி நின்றபாடில்லை.

2016-இல் சி.டி. எடுத்தபோது, அந்தக் கன்ன அறை பாதியாகச் சுருங்கி, சுவர்கள் சுற்றிலும் கெட்டியான வெள்ளை வளையமாகத் தெரிந்தன. மறுபக்கக் கன்ன அறை, கத்தி படாத பக்கம், மெல்லிய கோடாகத்தான் இருந்தது. மருத்துவர் இரண்டையும் திரையில் அருகருகே வைத்துக் காட்டினார். அந்தப் படம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர் எண்டோஸ்கோப்பி மூலம் வடிகாலை மட்டும் அகலமாக்கி, மற்ற இடங்களைத் தொடாமல் விட்டார்.

அதற்குப் பிறகு என்னைக் காப்பாற்றிவருவது தினசரிப் பராமரிப்புதான். காலையும் இரவும் உப்புநீரால் மூக்கைக் கழுவுகிறேன். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அயோடின் சேர்க்காத உப்பு 9 கிராம் கரைத்துக்கொள்கிறேன். குழாய்நீரை அப்படியே ஊற்றக் கூடாது. அமீபா ஏறினால் உயிருக்கே ஆபத்து. கழுவிய கால் மணி நேரத்துக்குப் பிறகு ஸ்டீராய்டு ஸ்பிரே அடிக்கிறேன். வலது கையால் இடது துவாரத்திலும், இடது கையால் வலது துவாரத்திலும் அடிக்க வேண்டும். அப்போதுதான் மருந்து நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கமாகச் செல்லும். இந்தச் சிறு விவரத்தை எனக்கு யாரும் இருபது ஆண்டுகளாகச் சொல்லவில்லை. நடுச்சுவரிலேயே அடித்து இரத்தம் கசிந்தவுடன், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தி நிறுத்தி வைத்தேன். நொச்சித் தழை போட்டு வேது பிடிப்பது இதமாக இருக்கும், நானும் பிடிப்பதுண்டு. ஆனால் ஸ்பிரேயின் வேலையை அது செய்யாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூக்கடைத்தபோதெல்லாம் மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்கிய பழக்கம் எனக்கு இருந்தது. இரண்டே நாளில் வாசனை திரும்பும். அந்த மகிழ்ச்சிக்காகவே வாங்கினேன். இப்போது முதுகெலும்பில் எலும்புப்புரை இருப்பதாகச் சொல்லிச் சிகிச்சை நடக்கிறது. உங்கள் கணவருக்கும் அந்த ஆசை வரும். வாசனை இழந்தவனுக்குத்தான் அது புரியும். கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்.

கேட்டவர்: மஞ்சள்முகில்

இருவருக்கும் நன்றி. டாக்டர் கேட்டபடி அறிக்கையை மீண்டும் படித்தேன். ‘வலது சல்லடை அறைகளிலும் கன்ன அறையிலும் நடுப்பகுதியில் அதிக அடர்த்தியுள்ள திட்டுகள், பூஞ்சை சார்ந்த நோயாக இருக்கலாம்’ என்று கடைசிப் பத்தியில் இருக்கிறது, பயத்தில் அதைக் கவனிக்கவே இல்லை. வலி மாத்திரைகளை அவர் தாராளமாகச் சாப்பிடுகிறார், இழுப்பு வந்ததில்லை. பெரியவர் சொன்ன ஸ்டீராய்டு மாத்திரை, உண்மையைச் சொன்னால், இந்த ஆண்டில் மட்டும் நான்கு முறை. முகூர்த்த நாட்களுக்கு முன்பு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். இன்றுதான் என்னிடம் ஒப்புக்கொண்டார்.

பூஞ்சை என்ற சொல்லைப் பார்த்ததும் 2021-இல் கொரோனாவோடு வந்த கருப்புப் பூஞ்சைதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு மேல்தாடையையும் ஒரு கண்ணையும் எடுத்தார்கள். இது அதுதானா?

மறுமொழி: நிழற்படிமம்

வணக்கம். நான் ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை எழுதும் கதிரியல் மருத்துவர். உங்கள் அச்சம் இயல்பானது. ஆனால் இரண்டும் வெவ்வேறு நோய்கள், எலும்பில் அவை விடும் தடமும் வேறு.

கருப்புப் பூஞ்சையில் பூஞ்சை இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைத்துத் திசுவைச் சாகடிக்கிறது. கட்டுப்பாடற்ற சர்க்கரையும் எதிர்ப்பாற்றல் குறைவும் உள்ளவர்களை அது தாக்கும். நாட்கணக்கில் பரவும், எலும்பு ஒழுங்கற்று அரிக்கப்பட்டிருக்கும், சில வேளைகளில் எலும்பு இயல்பாகத் தோன்றும்போதே நோய் சுவரைக் கடந்து கண்குழிக்குள் சென்றிருக்கும். உங்கள் கணவருக்கு ஆண்டுக்கணக்கான நோய். எலும்பு உடையாமல் பலூனைப் போல வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. ஆஸ்துமா உண்டு, சதை உண்டு, நடுவில் அடர்ந்த திட்டுகள் உண்டு. இவை சேர்ந்து வரும்போது ஒவ்வாமைப் பூஞ்சைச் சைனஸ் நோய்தான் முதலில் நினைவுக்கு வரும். இதில் பூஞ்சை திசுவுக்குள் நுழைவதில்லை. சளியில் இருக்கும் பூஞ்சைக்கு உடல் மிகையாக எதிர்வினை செய்து வேர்க்கடலை வெண்ணெயைப் போன்ற பிசுபிசுத்த சளியை நிறைக்கிறது. அந்தச் சளியில் இரும்பு, மாங்கனீசு போன்ற உலோகங்களும் கால்சியமும் சேர்வதால் சி.டி.யில் அது வெள்ளையாகத் தெரிகிறது. எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகைப் படத்திலோ அதே இடம் காற்று நிறைந்த வெற்றறையைப் போலக் கருப்பாகத் தெரியும், எம்.ஆர்.ஐ. மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடக்கூடும். இந்த நோய் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் அதிகம்; நம் நாட்டிலும் நிறையப் பார்க்கிறோம்.

எலும்பைப் பற்றி நாங்கள் எப்படி முடிவு செய்கிறோம் என்பதையும் சொல்கிறேன். தடிப்பு 3 மில்லிமீட்டருக்குள்ளா, 3 முதல் 5 வரையா, அதற்கு மேலா என்று அளக்கிறோம். சுவரில் பாதிக்கு மேல் பரவியிருக்கிறதா என்றும் பார்க்கிறோம். 2010-இல் ஜார்ஜலாஸ் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட மதிப்பெண் முறையில் பத்துச் சைனஸ்களுக்கும் தலா 0 முதல் 5 வரை கொடுத்து 50-க்குக் கணக்கிடுகிறார்கள். இதைவிட முக்கியமானது தடிப்பு அமைந்திருக்கும் விதம். இரு பக்கமும் பரவலாக இருந்தால் பெரும்பாலும் நாட்பட்ட அழற்சி. ஒரு பக்கத்தில் மட்டும், ஒரே புள்ளியில் கூம்பைப் போல எலும்பு தடித்திருந்தால், அந்த இடத்தில் வேர்கொண்ட தலைகீழ் பாப்பிலோமா என்ற கட்டியாக இருக்கலாம்; அது மூக்குச் சதையைப் போலவே தோற்றமளிக்கும், சிலருக்குப் புற்றாகவும் மாறும். ஒரு பக்கக் கன்ன அறை மட்டும் தடித்திருந்தால் மேல்வரிசைப் பற்களின் வேரைத் தேடுவோம். எனவே ஒரு பக்கத்தில் மட்டும் சதை வளர்ந்திருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள், பயாப்சி செய்யாமல் ஆண்டுக்கணக்கில் ஸ்பிரே மட்டும் அடித்துக்கொண்டிருக்கக் கூடாது. உங்கள் கணவருக்கு இரு பக்கமும் இருப்பது அந்த வகையில் ஆறுதலானது. இருந்தாலும் எடுக்கும் திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும்.

2018-இல் எடுத்த ஸ்கேனின் தகடோ ஃபிலிமோ இருந்தால் கட்டாயம் கொண்டு செல்லுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. அன்றைய எலும்பையும் இன்றைய எலும்பையும் ஒப்பிட்டால்தான் எது முன்பே இருந்தது, எது அறுவைக்குப் பின் வந்தது என்று சொல்ல முடியும்.

மறுமொழி: கருவிளை

கதிரியல் மருத்துவர் எழுதியதோடு நான் உடன்படுகிறேன். இந்த ஐயம் உறுதியானால் அறுவை தேவைப்படும். மருந்தால் மட்டும் அந்தச் சளி கரையாது. அங்கே மருத்துவரிடம் ஒன்றை வெளிப்படையாகக் கேளுங்கள்: ‘சதையோடு அந்தக் கெட்டிச் சளியையும் நோயியல் ஆய்வுக்கும் பூஞ்சைப் பரிசோதனைக்கும் அனுப்புவீர்களா?’ பல அறுவை அரங்குகளில் சதை மட்டும் பாட்டிலுக்குப் போகிறது, சளி உறிஞ்சுகுழாயில் போய்விடுகிறது. விடையோ அந்தச் சளியில்தான் இருக்கிறது. இயோசினோஃபில்களும், அவை சிதைந்து உண்டாகும் ஊசி போன்ற படிகங்களும், பூஞ்சை இழைகளும் அதில்தான் தெரியும்.

அழுத்தத்தால் மெலிந்த கண்பக்கச் சுவர், அழுத்தம் நீங்கியபின் பலருக்கு மீண்டும் எலும்பாக உருவாகிறது. தடித்த எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. சவ்வு அமைதியானால் அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். வாசனை உணர்வு மூக்கின் கூரையில் உள்ள ஒரு சிறு சவ்வைச் சார்ந்தது. மாத்திரை சாப்பிட்ட நாட்களில் அவருக்கு வாசனை திரும்பியதா என்று கேட்டுப் பாருங்கள். திரும்பியிருந்தால் அந்தச் சவ்வு இன்னும் உயிரோடு இருக்கிறது, அதைச் சுற்றிய வீக்கம்தான் தடை என்று கொள்ளலாம். அறுவைக்குப் பிறகும் ஸ்டீராய்டும் மூக்குக் கழுவலும் நீண்ட நாள் தேவைப்படும். பிறகும் சதை அடங்காதவர்களுக்கு டுபிலுமாப் போன்ற ஊசிகள் உள்ளன. அமெரிக்காவில் அதற்கு 2019-இல் மூக்குச் சதைக்காக ஒப்புதல் கிடைத்தது, ஆனால் விலை நம்மவர்களில் பலருக்கு எட்டாதது.

நான்கு முறை சாப்பிட்ட மாத்திரைகளின் பெயரையும் நாட்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தொடர்ந்து சாப்பிட்டு வந்திருந்தால் திடீரென்று நிறுத்த வேண்டாம். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். இடுப்பிலோ தொடையிலோ வலி இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஸ்டீராய்டால் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைந்து அது நசிவது உண்டு.

கேட்டவர்: மஞ்சள்முகில்

மாத்திரை சாப்பிட்ட நாட்களில் வாசனை வந்ததாம், டாக்டர். மூன்றாம் நாள் காலையில் பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து உறுதி செய்துகொள்வாராம். 2018 ஃபிலிமைப் பரணிலிருந்து எடுத்துவிட்டேன்.